சேதுபதிகளின் விருதாவளியும் தன்னுருப் புனைவும்

நோக்கம்

ஒருவர் தம்மைப் பிறர் எவ்வாறு காணவேண்டும் என்று விரும்புகின்றாரோ அவ்வாறே தம்மைத் தீட்டிக் காட்டுதல் இந்நாளில் சமூக ஊடகங்களால் மிக எளிதாகிவிட்டது. முகநூலில் ஒருவர் இடும் படமும், தம் பெயரோடு இணைக்கும் அடைமொழியும், தம்மைக் குறித்து எழுதும் இரண்டொரு வரியும் பெரும்பாலும் அவர் வாழ விரும்பும் வாழ்க்கையின் வரைவாகவே அமைகின்றன. இதனை இக்காலத்துக்கே உரிய புதுமையெனக் கருதுவோர் பலர். ஆயின், தன்னுருவைப் புனைந்து அவையில் நிறுத்தும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வந்த ஒன்றாகும். கல்லும் செம்பும் அதற்குக் கருவிகளாயிருந்தன. அவ்வழக்கத்தை நன்கு ஆராய்தற்கு இடந்தருவன இராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் செப்பேடுகள்.

இச்செப்பேடுகளின் தொடக்கத்தில் வரிசையாக வரும் விருதுப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, எந்த அவையை நோக்கி எழுதப்பட்டன, அவற்றுள் எவை வெறுஞ்சொல்லாய் நின்றன, எவை செயலாய் மாறின என்பவற்றை ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியால் இற்றை நாளில் நாம் அறிந்துகொள்ள வேண்டுவது யாது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேதுபதி மரபு

மதுரை நாயக்க மன்னராகிய முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், 1605ஐ ஒட்டிய காலத்தில், உடையான் சேதுபதி எனப்படும் சடைக்கத் தேவரை மறவர் சீமைக்குத் தலைவராக்கினார். போகலூர் அவர்தம் தலைநகராயிருந்தது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்க்கு வழியிற் கள்வரால் நேரும் இடர்களை நீக்குதல் அவர்க்கு இடப்பட்ட பணிகளுள் முதன்மையானது என்பர். 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி காலத்தில் தலைநகர் போகலூரினின்றும் இராமநாதபுரத்துக்கு மாறிற்று; அவர் காலத்திலேயே மதுரையின் மேலாண்மையும் நீங்கிற்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் சிவகங்கைச் சீமை தனியே பிரிந்தது. 1795இல் கிழக்கிந்தியக் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியினின்றும் நீக்கினர். 1803இல் அவர்தம் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியார் சமீன்தாரிணியாக ஏற்கப்பட்டார். முடியுடை நாடு சமீனாயிற்று.

இம்மன்னர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் புலவர்க்கும் பள்ளிவாசல்களுக்கும் அளித்த கொடைகளைக் கூறும் செப்பேடுகள் பல. பர்கெசு என்பாரும் நடேச சாத்திரியாரும் 1886இல் வெளியிட்ட சாசனத் தொகுதியில் அவற்றுட் சில இடம்பெற்றன. பிற்காலத்தில் எசு. எம். கமால், புலவர் செ. இராசு ஆகியோர் அவற்றைத் திரட்டிப் பதிப்பித்தனர். இப்பதிப்புகளை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு முதலிற் புலப்படுவது, விருதுப் பெயர்கள் ஏட்டுக்கு ஏடு சிறிதே வேறுபட்டு, அச்சில் வார்த்தாற்போல மீண்டும் மீண்டும் வருதலேயாம்.

விருதுகளின் பிறப்பிடம்

இவ்விருதுகளைப் பிறப்பிடம் நோக்கி மூன்று கூறாகப் பகுக்கலாம்.

முதற்கூறு, பேரரசரிடமிருந்து இரவல் பெற்றவை. 'மகாமண்டலேசுவரன்', 'பாஷைக்குத் தப்புவராயர் கண்டன்', 'மூவராயர் கண்டன்', 'கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்' முதலியன இக்கூற்றைச் சாரும். இவை விசயநகர வேந்தர்களின் தமிழ்ச் சாசனங்களில் நிலைபெற்ற தொடர்கள். இவற்றின் மொழியே இவற்றின் பிறப்பைக் காட்டிக்கொடுக்கின்றது. 'தப்புவ' என்பது கன்னட எச்சம்; 'ராயர' என்பது கன்னட ஆறாம் வேற்றுமை. கொடுத்த மொழி தவறும் அரசரை அடக்குபவன் என்பது அத்தொடரின் பொருள். 'கண்டன்' என்பது கன்னடத்துக் 'கண்ட' என்னும் வீரனைக் குறிக்கும் சொல். அச்சொல் தமிழிலும் வீரன் என்னும் பொருளில் வழங்கியமையால் தமிழர் செவிக்கு அயன்மை தோன்றவில்லை. 'மூவராயர்' எனக் கேட்ட தமிழர்க்குச் சேர சோழ பாண்டியரே நினைவுக்கு வந்திருப்பர். எதுகை நயத்தோடு அமைந்த 'கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்' என்பதோ தமிழகத்தாரின் உள்ளத்தை எளிதிற் கவரத்தக்கது. ஆகவே, வடக்கே துங்கபத்திரைக் கரையிற் பிறந்த சொற்கள் மதுரை வழியாக வைகை கடலொடு கலக்கும் நிலம்வரை வந்து சேர்ந்தன என்பது போதரும்.

இவற்றுள் ஒரு விருதின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. 'சோழமண்டலப் பிரதிட்டாபனாசாரியன்' என்பது அது. சோழ அரசை மீண்டும் நிலைநிறுத்தியவன் என்பது பொருள். 1231இல் மூன்றாம் இராசராச சோழனைக் காடவர் கோனாகிய கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்திற் சிறைவைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர்களை அனுப்பிச் சோழனை விடுவித்தான். இச்செய்தியைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. அச்செயலை ஒட்டி எழுந்த விருது அது. நிகழ்ச்சி முன்னும் பெயர் பின்னுமாக அமைந்த முறை அஃது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், சோழ அரசு மறைந்து பன்னெடுங்காலம் சென்றபின், அதே விருது சேதுபதிகளின் செப்பேட்டில் இடம்பெறுகின்றது. நிலைநிறுத்தப்படுதற்குச் சோழரும் இலர். நிலைநிறுத்திய போரும் இல்லை. நிகழ்ச்சி உதிர்ந்துபோகப் பெயர் மட்டும் கைமாறி வந்துளது.

சோழப் பேரரசின் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். முதற் பராந்தகன் மதுரையை வென்றபின் 'மதுரை கொண்ட' என்ற அடைமொழியைப் பெற்றான்; பின்னர் ஈழமும் அதனோடு சேர்க்கப்பட்டது. முதல் இராசராசன் காலத்து மெய்க்கீர்த்தி அவன் வெற்றிகள் பெருகப் பெருக வளர்ந்தது. அங்கும் மிகையுண்டு, ஆயினும் மெய்க்கீர்த்தியின் வளர்ச்சியைக் கொண்டு ஆட்சியாண்டையே ஓரளவு கணிக்க இயலும். சேதுபதிகளின் இரவல் விருதுகளைக் கொண்டு அவ்வாறு யாதும் கணிக்க இயலாது.

இரண்டாங்கூறு, தெய்வத்தோடும் குலத்தோடும் தம்மை இணைப்பவை. 'இரவிகுல சேகரன்', 'அனுமக்கொடி' உடையவன் என்பன போன்றன இவை. இராமபிரான் சேதுவைக் காக்குமாறு தம் முன்னோரை அமர்த்தினார் என்ற மரபுக் கதை இவற்றின் அடிநிலை. இக்கூற்றைச் சார்ந்ததே 'இரணியகர்ப்பயாசி' என்பதும். பொன்னாற் செய்த கருப்பையினுள் அரசன் புகுந்து வெளிவந்து, மறுபிறப்பு எய்தியவனாக அறிவிக்கப்படும் மகாதானம் இரணியகர்ப்பம். இராட்டிரகூடத் தந்திதுர்க்கன் முதல் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மன் வரை மன்னர் பலர் இதனைச் செய்தனர். பிறப்பால் வாராத தகுதியைச் சடங்கால் பெறலாம் என்னும் நம்பிக்கை இதன் உட்கிடை. புதிய உருவொன்றைப் பூணுதலை ஒளிவுமறைவின்றி ஊரறியச் செய்த முறை இஃது எனலாம்.

மூன்றாங்கூறு, நிலத்தோடும் பணியோடும் ஒட்டியவை. 'தேவைநகராதிபன்', 'சேதுமூலரட்சா துரந்தரன்', 'இராமநாதசுவாமி காரிய துரந்தரன்' என்பன இவை. தேவை என்பது இராமேசுவரத்தின் பழம்பெயர். துரந்தரன் என்பது பொறுப்பைச் சுமப்பவன் எனப் பொருள்படும். இக்கூறு வேறு எந்த அரசரிடமிருந்தும் இரவல் பெறத்தக்கது அன்று, இக்கடற்கரைக்கே உரியது.

விருதும் நிகழ்ச்சியும்

முதற்கூற்று விருதுகளை நிகழ்ச்சிகளோடு ஒப்பவைத்து நோக்குவோம். 'கொண்டநாடு கொடாதான்' எனப்பட்ட மரபில், திருமலை நாயக்கர் 1639ஐ ஒட்டி அனுப்பிய படை தளவாய் சேதுபதியைச் சிறைப்பிடித்து மதுரைக்குக் கொண்டு சென்றது. அப்போரைப் பாடும் இராமய்யன் அம்மானை மறவர் வீரத்தையும் கூறுகின்றது. முற்றுகையையும் சிறையையும் மறைக்கவில்லை. செப்பேடு அரசனது அவையை நோக்கிப் பேசிற்று. அம்மானை ஊர்மன்றத்தை நோக்கிப் பாடிற்று. அவை வேறாகவே உருவமும் வேறாயிற்று.

ஈழத்தையும் யாழ்ப்பாணத்தையும் வென்று யானை வேட்டையாடியதாகக் கூறும் விருது இன்னும் தெளிவான சான்று. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கவர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆண்டனர். சேதுபதிகள் எவரும் யாழ்ப்பாணத்தை வென்றதில்லை. விசயநகரத்தார் சாசனத்தில் இருந்த யானை வேட்டையும் ஈழமும் அவ்வாறே இங்கு வந்தன. அதே காலத்தில் அதே கடலில் முத்துக்குளிப்பு, சங்கு, பாம்பன் கால்வாய்ப் போக்குவரவு ஆகியவற்றைக் குறித்து ஒல்லாந்தர் சேதுபதிகளோடு வழக்கிட்டும் உடன்படிக்கை செய்தும் வந்தனர். அவர்தம் ஆவணங்களில் சேதுபதி, 'தேவர்' என்னும் பெயரின் திரிபால் குறிக்கப்படுகின்றார். மூவராயர் கண்டனை அங்குக் காண்டல் அரிது. வணிகர்க்கு வேண்டியது கால்வாயின் சுங்கமும் சங்கின் உரிமையுமே.

ஈண்டுச் செப்பேட்டின் அமைப்பையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். முன்பகுதி விருதாவளி. பின்பகுதி கொடை: ஊரின் பெயர், நான்கெல்லை, விலக்கப்பட்ட வரிகள், கொடை பெறுவோர், கொடையை அழிப்போர்க்கு நேரும் பாவம். முன்பகுதியில் உலகமெல்லாம் வென்ற மன்னன், பின்பகுதியில் ஓர் ஊரணிக்கும் ஒரு பனங்காட்டுக்கும் இடைப்பட்ட எல்லையைப் பிழையின்றிக் குறிக்கின்றான். ஒரே ஏட்டில், ஒரே எழுத்தில், இவ்விரண்டும் உள்ளன. இதன் காரணம் வெளிப்படை. எல்லை பொய்த்தால் பக்கத்து நிலத்தான் வழக்கிற்கு வருவான். விருது பொய்த்தால் வழக்கிற்கு வருவார் எவருமிலர். தன்னுருப் புனைவு எங்குத் தழைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை. மறுப்பார் இல்லாத இடத்தில் அது தழைக்கின்றது.

இருகரை வழக்கம்

இவ்வழக்கத்தைச் சேதுபதிகளுக்கு மட்டும் உரியதாக்குதல் முறையன்று. சேதுவின் இருகரையிலும் அது பழமையானது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டு அரசுரிமைப் போரில் தலையிட்ட இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகு, இலங்காபுரன் என்னும் தண்டநாயகனை அனுப்பினான். அவன் இராமேசுவரத்தைக் கைப்பற்றிக் குந்துகாலில் தன் மன்னன் பெயரால் அரண் அமைத்து, வெற்றிமேல் வெற்றி பெற்றதாகச் சூளவமிசம் கூறுகின்றது. அத்தண்டநாயகர்களின் தலைகள் மதுரை வாயிலில் வைத்து அறையப்பட்டன என்று சோழரின் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுகின்றது. ஒரு போருக்கு இரண்டு வெற்றி வரலாறுகள். ஒவ்வொன்றும் தன் அவைக்கு உவப்பான இடத்தில் கதையை நிறுத்திக்கொள்கின்றது.

பின்னர் வந்த நிசங்கமல்லன் (1187–1196) பாண்டிய நாட்டுக்குட் சென்றதாகவும், போருக்கு அழைத்தும் எதிர்ப்பார் இன்மையால் திறை பெற்று மீண்டதாகவும், இராமேசுவரத்தில் தன் பெயரால் கோயில் எடுத்ததாகவும் தன் சாசனங்களிற் பொறித்தான். அவன்தன் வெற்றியுரைகளை ஆய்வாளர் பலர் ஐயுறுவர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ 'சேதுகாவலன்' என்னும் பெயரைத் தாமும் பூண்டனர்; தம் காசுகளில் நந்தி உருவோடு 'சேது' என்னும் சொல்லைப் பொறித்தனர். அக்காசுகள் முன்னாளில் இராமநாதபுரம் சேதுபதிகளுடையனவாகக் கருதப்பட்டுப் பின்னர் யாழ்ப்பாண மன்னருடையன எனத் துணியப்பட்டன. இருவர் பூண்ட ஒரு பெயர் அறிஞரையும் மயக்கிற்று.

அயல்நாட்டிலிருந்து வந்தோரும் இவ்விதிக்கு விலக்கல்லர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பறங்கியர் என்னும் பெயரை மறுத்து, உரோமாபுரியின் உயர்குலத்துத் துறவியாகத் தம்மைக் காட்டிக் காவி பூண்டார். அவர் கொண்ட கோலம் பொய்யா, அறமா என்னும் வழக்கு அவர் சபைக்குள்ளேயே எழுந்து உரோம் வரை சென்று, 1623இல் போப்பாண்டவரின் இசைவால் முடிந்தது. பின்வந்த சான் தெ பிரித்தோ பண்டாரசாமிக் கோலம் பூண்டு அருளானந்தர் என வழங்கப்பெற்றார். கிழவன் சேதுபதியின் ஆட்சியில், 1693இல், ஓரியூரில் கொலையுண்டார். நொபிலியின் கோலத்தை வழக்கு மன்றம் சோதித்தது; பிரித்தோவின் கோலத்தை உயிர் சோதித்தது. கோலம் இரவலாயினும், அதனைப் பூண்டவர் அதற்காக என்ன விலை கொடுத்தார் என்பது தனியே கேட்கத்தக்க வினாவென்பது இதனாற் புலனாகும்.

மெய்யாகிய விருது

அவ்வினாவைச் சேதுபதிகளிடமும் கேட்போம். மூவராயர் கண்டன் என்பது வெறும் பெயராய் நின்றது. ஆயின் மூன்றாங்கூற்று விருதுகள் அவ்வாறு நிற்கவில்லை. சேதுவைக் காப்பவன் என்று தன்னைச் செம்பில் எழுதிக்கொண்டவன், யாத்திரிகர் செல்லும் வழியைக் காவாதிருப்பின் அப்பெயர் ஒவ்வொரு நாளும் அவனை நகைக்கும். காசியிலிருந்து வரும் யாத்திரிகர் கண்ணாற் கண்டு ஊர்தோறும் சொல்வர். எனவே இவ்விருதுக்கு மறுப்பார் இருந்தனர்.

பயன் யாதாயிற்று என்பது கண்கூடு. சேதுவழியில் சத்திரங்கள் எழுந்தன. அவற்றிற்கு ஊர்கள் மானியமாக விடப்பட்டன. இராமநாதசுவாமி கோயிலின் கோபுரமும் திருச்சுற்றுகளும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. உலகோர் வியக்கும் மூன்றாம் திருச்சுற்று 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்றது. அதன் தூண்கள் 1212 எனக் கணக்கிடுவர். கல் அரிய மணற்றீவில், கடல் கடந்து கல் கொணர்ந்து எழுப்பிய பணி அது. புலவர்க்கு ஊர் ஈந்த கொடையும் இவ்வாறே. இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு அமிர்த கவிராயர் ஒரே துறையில் நானூறு செய்யுள் பாடிய ஒருதுறைக் கோவையும், அழகிய சிற்றம்பலக் கவிராயரின் தளசிங்கமாலையும் அவ்வாதரவின் விளைவுகள்.

எனவே, ஒரு மரபு தன்னைக் குறித்துச் சொல்லிக்கொண்ட மூவகைச் சொற்களுள் இரவற்சொல் அழகாய் நின்றொழிந்தது. குலச்சொல் நம்பிக்கையாய் நின்றது. பணிச்சொல்லோ கடமையாய் மாறிற்று. இலட்சிய உருவொன்றைத் தனக்குத் தானே வரைந்துகொள்ளுதல் எப்பொழுதும் பொய்யாவதில்லை. வரைந்தவனை அவ்வுருவம் கட்டுப்படுத்துமாயின் அது வாக்குறுதியாகின்றது.

செப்பேட்டினின்றும் நீதிமன்றத்துக்கு

1803க்குப் பின்னர் அவை மாறிற்று. நவராத்திரி விழாவும் அரியணையும் விருதுகளும் தொடர்ந்தன; ஆயின் அவற்றின் மெய்ம்மையை ஆராயும் அதிகாரம் ஆங்கில நீதிமன்றங்களிடம் சென்றது. இராமநாதபுரத்து அரசர்க்கும் கோயில்களுக்கும் இடையே நிகழ்ந்த இம்மாற்றத்தைக் காவலர் வழக்காடுபவரான கதையாகக் கரோல் பிரெக்கன்ரிட்சு 1977இல் எழுதிய கட்டுரை விளக்குகின்றது.

இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் நம் பொருளுக்கு இன்றியமையாதது. முதலாவது, இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கொண்ட சுவீகாரத்தைப் பற்றியது. சுவீகாரம் செல்லாதெனின் சமீன் அரசாங்கத்தைச் சேரும் என மதுரைக் கலெக்டர் வாதிட்டார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் சுவீகாரம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு நூல்விதியினும் வலிது என அத்தீர்ப்பிற் கூறப்பட்ட நெறி இந்து சட்ட வரலாற்றிற் புகழ்பெற்றது. மன்னர் மரபைக் காத்தது விருதாவளியன்று, வழக்காறு.

இரண்டாவது, கமுதிக் கோயில் வழக்கு. 1897இல் நாடார் மக்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் புகுந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அக்காலத்து நாடார் பெருமக்கள் தாம் சத்திரியர், பாண்டியர் வழியினர் என்பதை நூல்களாலும் விண்ணப்பங்களாலும் நிறுவ முயன்று வந்தனர். வழக்கு படிப்படியாகச் சென்று 1908இல் பிரிவி கவுன்சிலில் அவர்க்கு எதிராக முடிந்தது. அங்கும் மேலோங்கியது வழக்காறே. கோயிலுக்குள் அவர்களை விடாத வழக்காறு.

இவ்விரண்டையும் ஒருங்கே காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். மேலிடத்தார் பிறர்தம் விருதுகளைத் தாம் பூண்டபோது, சோழமண்டலத்தை எப்பொழுது நிலைநிறுத்தினீர் என அவர்களைக் கேட்டவர் இலர். கீழிடத்தில் வைக்கப்பட்ட மக்கள் பெருமைமிக்க முன்னோரைத் தமக்கு உரிமை கொண்டாடியபோது, சான்று காட்டுக என உலகம் கேட்டது. முன்னதற்கு விருது என்று பெயர். பின்னதற்குப் புனைவு என்று பெயர். தம்மைக் குறித்துத் தாமே சொல்லும் சொல்லை ஐயுறும் கண், எல்லோர் மீதும் ஒரே அளவாகப் பாய்ந்ததில்லை.

மேலும் ஒன்று. கோயிலுட் செல்லும் உரிமை முடிவில் முன்னோர் பெயரால் வரவில்லை. 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் விலக்கப்பட்ட குலத்தார் சென்றனர். அவ்வாண்டே சென்னை மாகாணத்திற் சட்டமும் இயற்றப்பட்டது. 1947இல் விரிவான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. உள்ளே செல்வோர் எவர் வழியினர் என்னும் வினாவே அச்சட்டத்தில் எழவில்லை. இந்து என்பதே போதுமாயிற்று. அதன்பின் ஓராண்டில் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் சமீன் முறைக்கும் முடிவு கட்டிற்று.

இற்றை நாளின் செப்பேடு

இந்நாளில் ஒவ்வொருவரும் தம் விருதாவளியைத் தாமே பொறித்துக்கொள்ளும் செம்பு ஒன்று கையடக்கமாகக் கிடைத்துளது. அங்கு நிகழ்வனவற்றையும் மேற்கூறிய மூன்று கூறுகளில் அடக்கலாம். பிறர் மொழியை இரவல் வாங்கித் தம் சிந்தனைபோற் காட்டுதல் முதற்கூறு. குலத்தையும் முன்னோரையும் முன்னிறுத்தல் இரண்டாங்கூறு. தாம் செய்யும் தொழிலையும் ஏற்ற பொறுப்பையும் கூறுதல் மூன்றாங்கூறு. முன்னிரண்டும் மிகுந்து மூன்றாவது குறைவதைப் பழஞ்செப்பேடுகளைப் பயின்றோர் வியவார். மறுப்பார் இல்லாத அவையில் எவை பெருகும் என்பதை அவர் முன்னரே அறிவர். நண்பர் குழு என்பது பெரும்பாலும் அத்தகைய அவையே.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. செப்பேட்டில் விருதும் எல்லையும் ஒரே தகட்டில் இருந்தன. படிப்பவன் இரண்டையும் சேர்த்தே படித்தான். இன்று செப்பேட்டின் முன்பகுதி மட்டும் படமாக வெட்டியெடுக்கப்பட்டுக் கைக்குக் கை செல்லல் எளிது. ஈழமும் யாழ்ப்பாணமும் வென்ற மன்னன் என்ற ஒருவரி, அதன் விசயநகரப் பிறப்பும் கன்னடச் சொல்லுருவும் நீங்கி, வரலாற்றுச் செய்தியாகப் பரவுமாயின், அதனை நம்பும் இளைஞன் தன் குலத்தின் பெருமையாக அதனைப் பூணுவான். அடுத்த ஊரான் தன் குலத்துக்கு வேறொரு செப்பேட்டைத் தேடுவான். அரசர் அவையில் எவர்க்கும் தீங்கின்றி ஒலித்த அணிச்சொல், ஊர்த்தெருவிற் பகையாக மாறுதல் கூடும். இதனைத் தடுக்கும் கடமை சாசனங்களைப் படிக்கத் தெரிந்தோரைச் சாரும். தமிழாய்வாளர் ஒருவர் ஒரு விருதின் பிறப்பிடத்தைக் காட்டுதல் எவரையும் இழிவுபடுத்துதல் ஆகாது. சொல்லுக்குரிய இடத்தில் சொல்லையும் செயலுக்குரிய இடத்தில் செயலையும் வைத்தலேயாம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சேதுபதிகளின் விருதாவளி ஒரே காலத்தில் ஒரே நிகழ்ச்சியால் உண்டானதன்று. போசளர், விசயநகரத்தார், நாயக்கர் வழியாக வந்த சொற்களும், குல மரபும், இக்கடற்கரைக்கே உரிய பணிப்பெயர்களும் கலந்தது. அதனைப் போர்ச் செய்திகளுக்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறு. ஒரு சிற்றரசு எந்த அவையில் எவர்போல் மதிக்கப்பட விரும்பிற்று என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் தகும். தன்னுருவைப் புனையும் எச்சொல்லையும் மதிப்பிட மூன்று வினாக்கள் போதும்: சொல் எவரிடமிருந்து வந்தது? எந்த அவையை நோக்கிச் சொல்லப்பட்டது? சொன்னவர் அதற்காக என்ன செய்தார்? இவ்வினாக்களை உயர்ந்தோரிடமும் தாழ்த்தப்பட்டோரிடமும் ஒரே குரலிற் கேட்டல் வேண்டும்; உரிமையை மட்டும் எவரிடமும் முன்னோர் பெயர் கேட்டு அளித்தல் ஆகாது.

யாழ்ப்பாணம் வென்ற யானை வேட்டையின் சுவடு சேதுக்கரையில் எங்கும் இல்லை. சேது காக்கும் பொறுப்பை ஏற்ற பெயருக்கோ ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்றூண்கள் சான்றாக நிற்கின்றன.